உருமாறும் ரோபோ பொம்மை மக்கர் செய்தால்: எங்கே பார்ப்பது, எங்கே கையை எடுப்பது

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் டிரக்காக மாறும் ரோபோ ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தான். "மாமா, இடது கை நிக்கவே மாட்டேங்குது. தூக்கிவிட்டா தொப்புன்னு விழுந்துடுது." தோளின் பின்பக்கம் ஒரு ஸ்க்ரூ இருந்தது. கால் சுற்று முடுக்கினேன், கை நின்றுவிட்டது. அவன் வீட்டிலேயே ஃபெவிக்விக் விட்டுப் பார்த்திருந்தால் அந்தத் தோள் இனி அசைந்தே இருக்காது.

அதற்குப் பிறகு நண்பர்கள், நண்பர்களின் பிள்ளைகள், பழைய பொம்மை சேர்ப்பவர்கள் என்று பலரும் கொண்டுவந்து கொடுத்தார்கள். பார்த்துப் பார்த்து ஒன்று தெரிந்துகொண்டேன். கோளாறு வடிவமைப்பில் இருக்கலாம், பொருத்தியவர் கையில் இருக்கலாம், பிளாஸ்டிக்கில் இருக்கலாம், மடித்த நம் கையிலும் இருக்கலாம். எது என்று தெரியாமல் பலம் போட்டால், நம் கையால் மட்டுமே வந்த சின்னக் கோளாறுகூட உடைசலில் போய் முடியும்.

நம் ஊரில் உடைந்தால் இழப்பு பெரிது. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. 2021 ஜனவரி 1 முதல் பிஐஎஸ் தரமுத்திரையும் கட்டாயம். "உதிரிக்காக இன்னொன்று வாங்கிக்கொள்" என்று வெளிநாட்டில் சுலபமாகச் சொல்லும் யோசனை இங்கே கட்டுப்படியாகாது.

மேசையில் இருக்க வேண்டியவை: 0, 00 அளவு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், முடி உலர்த்தி, சிலிகான் எண்ணெய், டெஃப்லான் டேப், பல்குச்சி, வெள்ளைத் துணி. ஸ்க்ரூடிரைவர் சென்னை ரிச்சி தெருவில் மொபைல் ரிப்பேர் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். முனை ஸ்க்ரூ தலையில் ஆடாமல் உட்கார வேண்டும். ஆடினால் தலை வழுக்கி, பிறகு யாராலும் கழற்ற முடியாமல் போகும். ஸ்க்ரூக்கள் உருண்டாலும் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் வெள்ளைத் துணி.

அறிகுறி 1: கை தொங்குகிறது, கால் நிற்கவில்லை

*பொம்மை பின்பக்கமாகச் சாய்ந்து விழுகிறதா?* அப்படியானால் மூட்டைத் தொடாதீர்கள், பாதத்தைப் பாருங்கள். வண்டியின் கூரையும் கதவுகளும் முதுகில் மூட்டையாகச் சேரும் வடிவமைப்புகளில் குதிகாலுக்கென்று தனியாக ஒரு துண்டு மடங்கி இருக்கும். அதை விரித்தால் நின்றுவிடும். விரித்தும் சாய்ந்தால், இடுப்பு சரியாகத் திரும்பி தாழ் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரி, மூட்டும் இறுக்கமாக இருக்கிறது, ஆனாலும் விழுகிறது என்றால் வடிவமைத்தவர் எடையைக் கணக்குப் பார்க்கவில்லை. அதற்கு ரிப்பேர் கிடையாது. தாங்கி ஒன்று வைத்து நிறுத்த வேண்டியதுதான்.

*மூட்டே தொய்ந்திருந்தால்*, திருப்பிப் போட்டு என்ன தெரிகிறது என்று பாருங்கள்.

ஸ்க்ரூ தலை தெரிந்தால் அதிர்ஷ்டம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் ஸ்க்ரூடிரைவரில் பட வேண்டும், உள்ளங்கை கூடாது. கால் சுற்று திருப்பி ஆட்டிப் பாருங்கள், போதாவிட்டால் இன்னொரு கால் சுற்று. அதற்கு மேல் முடுக்கினால் ஸ்க்ரூ இறங்கும் பிளாஸ்டிக் தூண் உள்ளேயே பிளந்துவிடும், வெளியில் எதுவும் தெரியாது. ஸ்க்ரூ பிடிக்காமல் சும்மா சுற்றினால் துளைக்குள் மரை தேய்ந்திருக்கிறது. கதவுக் கீலுக்குத் தச்சர் தீக்குச்சி வைத்து முடுக்குவாரே, அதே வைத்தியம்தான்: பல்குச்சிச் சீவல் ஒன்றைத் துளைக்குள் இறக்கி அதன்மேல் ஸ்க்ரூவைப் போடுங்கள்.

பந்து மூட்டு என்றால் பந்தைக் கிண்ணத்திலிருந்து நேராக இழுத்துக் கழற்றுங்கள். சோப்புத் தண்ணீரில் துடைத்து உலரவிட்டு, பந்தின்மேல் ஃபெவிக்விக்கை ஒரே ஒரு மெல்லிய படலமாகத் தடவுங்கள். இங்கே அவசரம் கூடாது. ஓர் இரவு முழுக்கக் காய வேண்டும். காய்ந்தபின் பந்து ஒரு மயிரிழை பெருத்திருக்கும், அந்த மயிரிழைதான் பிடிப்பைத் தரும். ஈரமாக இருக்கும்போதே கிண்ணத்தில் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். இந்தப் பசை காற்றின் ஈரத்தை வைத்துத்தான் இறுகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையில் அது இறுகும் வேகமே தனி, ஆகவே பசையைத் திறக்கும் முன்பே எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் கண்ணாடிபோன்ற துண்டு இருந்தால் கழற்றித் தள்ளி வையுங்கள். பசையின் ஆவி பட்டால் அதன்மேல் வெள்ளையாகப் பூத்துவிடும்.

துளையில் செருகும் முளையாக இருந்தால் பசை தேவையே இல்லை. முளையில் டெஃப்லான் டேப் ஒரு சுற்று சுற்றிச் செருகுங்கள். பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம் என்பது இதில் பெரிய வசதி.

திருப்பும்போது கடக், கடக் என்று சத்தம் வரும் மூட்டு ராட்செட். உள்ளே ஒரு ஸ்பிரிங் பல்சக்கரத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். சத்தம் இருந்தும் தொய்ந்தால் மூடியின் ஸ்க்ரூவை முடுக்கினால் போதும். சத்தமே போய்விட்டால் ஸ்பிரிங் விலகியிருக்கலாம், பற்கள் தேய்ந்திருக்கலாம். திறக்கும் முன் பொம்மையை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் தெறித்தால் பைக்குள்ளேயே கிடக்கும். ஒவ்வொரு அடுக்கையும் போனில் படம் எடுத்துக்கொண்டே போங்கள். பல் தேய்ந்திருந்தால் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை.

கடைசியாக, ஸ்க்ரூவும் இல்லாமல் பந்தும் இல்லாமல் வட்டமான உலோகப் புள்ளி மட்டும் தெரிந்தால் அது அடித்து இறக்கிய உலோக ஊசி, அதாவது பின். இங்கே கையை எடுத்துவிடுங்கள். பின்னின் ஒரு முனை வழவழப்பாகவும் மறுமுனை வரிவரியாகவும் இருக்கும். வழவழப்பான பக்கத்திலிருந்து தட்டி, வரி உள்ள முனை முதலில் வெளியே வரும்படி எடுக்க வேண்டும். மாற்றித் தட்டினால் அந்த வரிகள் துளை நெடுக அறுத்துக்கொண்டே வரும். கைக்கடிகாரச் செயினில் பின் எடுத்துப் பழகியவர்களிடம் இதற்கான உளியும் அடிக்கட்டையும் இருக்கும். எது வழவழப்பான முனை என்று காட்டிக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு பொம்மையின் தரத்தைப் பற்றி யாராவது கேட்டால், பெயின்டைப் பார்ப்பதற்கு முன் இதைத்தான் பார்க்கிறேன்: தோளிலும் இடுப்பிலும் ஸ்க்ரூவா, பின்னா? நான்கு வருடம் கழித்துத் தொய்யப்போகும் இடத்தில் ஸ்க்ரூ வைத்தவர் அந்த நான்கு வருடத்தையும் நினைத்துப் பார்த்திருக்கிறார்.

அறிகுறி 2: மூட்டு அசையவே மாட்டேன் என்கிறது

முதல் சந்தேகம் நம்மேல். வேறொரு துண்டை முதலில் நகர்த்த வேண்டியிருக்கலாம். வழிமுறைத் தாளை எடுத்து, நின்றுபோன படியிலிருந்து மூன்று படி பின்னால் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு தாழ் விடுபடாமல் இருக்கும்.

அடுத்தது பெயின்ட். புதுப் பொம்மையில் மூட்டின் இரு பக்கமும் பெயின்ட் அடித்திருந்தால் ஒட்டிக்கொண்டிருக்கும். முடி உலர்த்தியை ஒரு சாண் தள்ளிப் பிடித்து அரை நிமிடம் காட்டுங்கள். கை பொறுக்கும் சூடு போதும். பிறகு இரு துண்டுகளையும் மூட்டுக்கு மிக அருகில் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். கையின் நுனியைப் பிடித்துத் திருப்பினால் நெம்புகோல்போல முழு பலமும் மூட்டில் இறங்கும்.

மூன்றாவதாக எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம். ஏற்கனவே இறுக்கத்தில் இருக்கும் ஏபிஎஸ், பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் எண்ணெய் ஊறினால் நாள்பட விரிசல் விடும். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயும் கண்ணாடித் துண்டுகளுக்கு ஆகாது. சுத்தமான சிலிகான் எண்ணெய் வாங்குங்கள். டிரெட்மில் பெல்ட்டுக்குப் போடுவது பெரும்பாலும் இதுதான். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கார் சாமான் கடைகளில் சிலிகான் ஸ்ப்ரே கிடைக்கும், ஆனால் அதைப் பொம்மைமேல் அடிக்கக் கூடாது. ஒரு மூடியில் அடித்து, ஆவி போகவிட்டு, பல்குச்சியால் ஒரு துளி வையுங்கள்.

*இறுகியது கண்ணாடிபோன்ற துண்டா?* அப்படியானால் மேலே சொன்ன எதையும் செய்யும் முன் இதைப் படியுங்கள்.

என் அலமாரியில் இருந்த ஒரு கார் ரோபோவுக்கு முன்கண்ணாடிதான் மார்பு. நீல நிறம், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். அதன் இரு காதுகளிலும் உலோகப் பின் அடித்திருந்தது. மடக்கும்போது இறுகியது. இன்னும் கொஞ்சம் என்று கட்டைவிரலை வைத்தேன். சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை, நகம் வெட்டும் சத்தம்தான். விளக்குக்குக் காட்டிப் பார்த்தேன். பின்னைச் சுற்றி ஒரு வெள்ளிக் கீற்று, அதிலிருந்து பிறை நிலாபோல இன்னொன்று ஓரம் வரை. பிறகு மற்ற காதையும் பார்த்தேன். நான் கையே வைக்காத அந்தப் பக்கத்திலும் பின்னைச் சுற்றி அதே கீற்று ஏற்கனவே இருந்தது. துளைக்கு அளவு மீறிய பின்னை அடித்திருக்கிறார்கள். என் கட்டைவிரல் அதை முடித்து வைத்திருக்கிறது.

அன்றிலிருந்து எந்தப் பொம்மை வந்தாலும் முதல் வேலை டார்ச் வெளிச்சத்தில் ஒளி ஊடுருவும் துண்டுகளில் பின் அடித்த துளைகளைப் பார்ப்பது. கீற்று இருந்தால் அந்த மூட்டை மடிக்காமல் விட்டுவிடுங்கள். கீற்று இல்லை, ஆனால் இறுக்கம் என்றால் சூடு காட்டலாம், சிலிகான் ஒரு துளி வைக்கலாம், பலம் மட்டும் கூடாது. நல்ல தயாரிப்பில் கண்ணாடித் துண்டு பளபளப்புக்கு மட்டும் இருக்கும். திருகும் வேலையை அதன் பின்னால் நிறமுள்ள பிளாஸ்டிக் செய்யும்.

அறிகுறி 3: வண்டியாக மாற்றினால் பலகைகள் சேரவில்லை

கூரையில் இடைவெளி தெரிகிறது, ஒரு பக்கத்தை அமுக்கினால் மறுபக்கம் எழும்புகிறது. இது வரிசைப் பிரச்சினை. எழும்பும் இடத்தை அமுக்காதீர்கள். எல்லாத் தாழ்களையும் விட்டுவிட்டு, உள்ளே இருப்பவற்றை முதலில் பாருங்கள். தலை முழுதாக இறங்கியிருக்கிறதா, முஷ்டி உள்ளே மடங்கியிருக்கிறதா, முழங்கால் கடைசி வரை போயிருக்கிறதா? ஒரு மில்லிமீட்டர் உள்ளே தவறினால் கூரையில் அது மூன்று மில்லிமீட்டராகத் தெரியும்.

வரிசை சரி என்றால் இடம் வலம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். தொழிற்சாலையிலேயே இரண்டு இடது முழங்கை போட்டு வரும் பொம்மைகள் உண்டு. பொம்மையை நேராக நிறுத்திப் படம் எடுத்து, போனில் கண்ணாடிபோலத் திருப்பி, இரண்டு படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஸ்க்ரூ தலைகள் ஒரு கையில் உட்பக்கமும் மறுகையில் வெளிப்பக்கமும் இருந்தால் சந்தேகமே இல்லை. ஸ்க்ரூ மூட்டு என்றால் கழற்றி மாற்றலாம், பின் என்றால் விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள்.

துண்டு வளைந்திருந்தால் அது ரப்பர்போல வளையும் பிவிசியா, கெட்டியான ஏபிஎஸ்ஸா என்று பாருங்கள். பிவிசி என்றால் கை பொறுக்காத சூட்டில், ஆனால் கொதிக்காத வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்து, நேராகப் பிடித்து, குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள். குரோம் பூச்சோ ஸ்டிக்கரோ உள்ள துண்டை வெந்நீரில் போட வேண்டாம். ஏபிஎஸ் வளைந்திருந்தால் பெரும்பாலும் வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்திருக்கும். அதை முழுதாக நிமிர்த்த எனக்கு ஒருமுறைகூட முடிந்ததில்லை.

அறிகுறி 4: வெள்ளைக் கோடு, அல்லது உடைந்தே விட்டது

நிறமுள்ள பிளாஸ்டிக்கில் வெள்ளைக் கோடு வந்தால் அந்த இடம் ஒருமுறை எல்லை தாண்டி வளைந்திருக்கிறது. லேசாகச் சூடு காட்டினால் கோடு மங்கும். மங்கினாலும் பலம் திரும்பாது. வடிவமைத்தவர் அந்தத் துண்டை வளைத்துத்தான் தாண்ட வேண்டும் என்று வைத்திருந்தால், ஒவ்வொரு முறையும் முதலில் சூடு காட்டிவிட்டு மடியுங்கள்.

உடைந்ததாக நினைக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். சில மூட்டுகள் மிஞ்சினால் கழன்று வரும்படியே செய்யப்பட்டவை. 1984இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில் வந்த ஆப்டிமஸ் பிரைம் என்ற டிரக் ரோபோவுக்கு முஷ்டிகள் தனித் துண்டுகள்தான். செருகினால் கை, எடுத்து வைத்தால் டிரக்.

உண்மையிலேயே உடைந்திருந்தால் எது உடைந்தது என்பதைப் பொறுத்தது. பளபளவென்று கெட்டியாக இருந்தால் ஏபிஎஸ், ஒட்டும். மெழுகு தடவியதுபோல வழுக்கும் மூட்டுத் துண்டு பெரும்பாலும் பிஓஎம் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக். அதில் எந்தப் பசையும் நிற்காது, விரலில்தான் ஒட்டும். இரு பக்கமும் நுண்துளை போட்டு உள்ளே கம்பி இறக்க வேண்டும். ஒளி ஊடுருவும் துண்டுக்கு அரால்டைட், பூக்காது. பெயர்ப்பலகை செய்யும் அக்ரிலிக் கடைகளில் பிளாஸ்டிக்கையே கரைத்து ஒட்டும் திரவம் வைத்திருப்பார்கள். ஏபிஎஸ்ஸுக்கு அந்த ஒட்டு பலமானது, ஆனால் ஆவி கெடுதல். அவர்களிடமே கொடுத்து ஒட்டி வாங்குங்கள், வீட்டுக்கு வாங்கி வராதீர்கள்.

எடை தாங்கும் இடுப்பு, தோள் இரண்டும் உடைந்தால் ஒட்டுவதில் பயனில்லை. துண்டை அளந்து முப்பரிமாண அச்சில் எடுத்துத் தருபவரிடம் போங்கள். உடையாத மறுபக்கத் துண்டையும் கழற்றி எடுத்துப் போனால் அளவு சரியாக வரும்.

அறிகுறி 5: மஞ்சளாகிவிட்டது, பிசுபிசுக்கிறது

பிசுபிசுப்பு நம் ஊரின் சொத்து. சூட்டிலும் புழுக்கத்திலும் மூடிய டப்பாவுக்குள் கிடந்தால் பிவிசியும் ரப்பர் டயரும் உள்ளிருக்கும் எண்ணெய்ப் பொருளை வெளியே விடும். பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீர், பழைய பல் பிரஷ், அதுவே போதும். ஆனால் அந்த டயர் பக்கத்தில் ஒரு கண்ணாடித் துண்டில் படும்படி இருந்திருந்தால் அங்கே தழும்புபோல உருகிய தடம் விழுந்திருக்கும். அது போகாது. வண்டியாக வைப்பதாக இருந்தால் இடையே ஒரு துண்டு பட்டர் பேப்பர் வையுங்கள்.

மஞ்சளுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைக்கும் முறை உண்டு. செய்யலாம், ஆனால் நம் மதிய வெயிலில் திட்டுத்திட்டாக வெளுத்துவிடும், சில வருடத்தில் மஞ்சள் திரும்பியும் வரும். காலை வெயில் போதும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அரிய பொம்மை என்றால் மஞ்சளோடு இருக்கட்டும் என்பதே என் கருத்து.

அறிகுறி 6: விளக்கு எரியவில்லை

புதிய எல்ஆர்44 போட்டுப் பாருங்கள், எல்லா பட்டன் செல்லையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். உள்ளே வெள்ளைப் பொடி இருந்தால் செல் கசிந்திருக்கிறது. காதுகுடையும் பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாக உலரவிட்டுப் போடுங்கள். ஒயர் அறுந்திருந்தால் ரிச்சி தெருவில் ஐந்து நிமிட சால்டரிங் வேலை. கழற்றிய செல்லை மேசையில் விடாதீர்கள். குழந்தை விழுங்கிவிட்டால், விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால்கூட, உடனே ஆஸ்பத்திரி.

அறிகுறி 7: பழைய பொம்மை வாங்கப் போகிறீர்கள், ஏதோ இடிக்கிறது

பர்மா பஜாரில் பார்த்தாலும் சரி, தனிநபரிடம் வாங்கினாலும் சரி, உட்புறத்தில் உற்பத்தியாளர் முத்திரை கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். நகலில் எழுத்துகள் சோறு குழைந்ததுபோல இருக்கும், அல்லது முத்திரையையே மழித்திருப்பார்கள். துண்டின் ஓரத்தில் விரலை ஓட்டினால் அச்சுப் பிசிறு குத்தும். 1985 முதல் பல டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளில் சூட்டுக்கு நிறம் மாறும் ஸ்டிக்கர் வந்தது. விரலால் தேய்த்தால் அந்த ரோபோ எந்த அணி என்று காட்டும் சின்னம் தெரியும். தேய்ந்து போயிருக்கலாம் என்பதால் அது வேலை செய்யாததை மட்டும் வைத்து நகல் என்று முடிவு கட்ட வேண்டாம்.

தங்க நிறத்தில், உள்ளே மினுமினுப்பு சுழிசுழியாக ஓடும் பிளாஸ்டிக் தெரிந்தால் மடித்துக் காட்டச் சொல்லாதீர்கள், நீங்களும் மடிக்காதீர்கள். 1980களின் கடைசியிலிருந்து வந்த சில பொம்மைகளில் இந்தக் கலவை நாளாக நாளாகப் பிஸ்கட்போல உதிரும். ஜப்பானில் 1988இல் வந்த பிளாக் ஸராக் என்ற டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மை இதற்குப் பேர்போனது. பெட்டி பிரிக்காமல் வைத்திருந்தவைகூட உள்ளேயே நொறுங்கியிருக்கின்றன. பசை பிடிக்காது, சூடு உதவாது. பின் அடித்த துளையைச் சுற்றி ஏற்கனவே கீற்று இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் அதற்குத் தகுந்த விலையைச் சொல்லுங்கள். வாங்கினால் இருக்கும் உருவத்திலேயே, இருபுறமும் பஞ்சு வைத்து, கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பைக்கின் பெட்டியில் போட்டு மவுண்ட் ரோடு குலுக்கலில் கொண்டு போகாதீர்கள்.